முதலில் கால் வைத்த நாடு

கேள்வி இதுதான்: ஐரோப்பிய ஒன்றியத்தில் 27 நாடுகள் இருக்கின்றன. தஞ்சம் கேட்டு வருகிறவர்களை மக்கள்தொகைக்கும் வசதிக்கும் தக்கபடி பிரித்துக்கொள்ள இவர்களால் ஏன் முடியவில்லை? கிரீசும் இத்தாலியும் மட்டும் ஏன் சுமக்க வேண்டும்? புதிதாகப் போட்டிருக்கும் ஒப்பந்தம் இதை மாற்றுமா?

கணக்கு எப்போதோ தயார். எந்த நாட்டுக்கு எத்தனை பேர் என்று விகிதம் போடும் சூத்திரம் ஒன்றை 1994-லேயே ஜெர்மனி மேசையில் வைத்தது. வந்து நிற்கும் மனிதருக்கு எங்கே போக வேண்டியிருக்கிறது, அவருடைய சொந்தபந்தம் எங்கே இருக்கிறது என்பதற்கு அந்தக் கணக்கிலும் சரி, பின்னால் வந்த கணக்குகளிலும் சரி, இடமே இல்லை. கோளாறு அங்கேதான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். ஏன் என்று விரிவாகச் சொல்கிறேன்.

1951-ன் ஜெனீவா அகதிகள் உடன்படிக்கை, உயிருக்கு அஞ்சி வந்தவரை ஆபத்துள்ள இடத்துக்குத் திருப்பி அனுப்பக் கூடாது என்கிறது. எந்த நாடு அவரை ஏற்க வேண்டும் என்று அது சொல்லவில்லை. தஞ்சம் கொடுப்பதால் சில நாடுகள்மீது அளவுக்கு மீறிய பாரம் விழலாம், அதற்கு நாடுகளிடையே ஒத்துழைப்பு வேண்டும் என்று முகவுரையில் ஒரு வரி மட்டும் உண்டு. அந்த இடைவெளியைத்தான் ஐரோப்பா 1980-களில் எதிர்கொண்டது. அதில் ஈழத் தமிழர்களுக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து கிளம்பியவர்களில் பலர் கிழக்கு பெர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, நகர ரயில் ஏறி மேற்கு பெர்லினுக்குள் வந்தார்கள். பெர்லின் பிரிவினையை ஒரு நாட்டெல்லையாக மேற்கு நாடுகள் ஒப்புக்கொள்ளவில்லை. அதனால் மேற்குப் பக்கத்தில் குடிவரவுச் சோதனை இல்லை. மேற்கு ஜெர்மனி அழுத்தம் கொடுத்து, போகிற நாட்டின் விசா இல்லாத தமிழர்களைக் கடந்துபோக விட வேண்டாம் என்று 1985-ல் கிழக்கு ஜெர்மனியைச் சம்மதிக்க வைத்தது. அந்தக் கதவு மூடியதும் டென்மார்க், சுவிட்சர்லாந்து, பிரான்ஸ் என்று வேறு வழிகள் தேடப்பட்டன. ஒரு நாடு "அங்கே போய்க் கேள்" என்னும், அடுத்த நாடு "நீ அங்கிருந்துதானே வந்தாய்" என்னும். யாருமே மனுவைப் பிரித்துப் பார்க்காமல் ஆட்கள் நாடு நாடாகச் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

இதை நிறுத்த 1990 ஜூனில் டப்ளின் நகரில் ஓர் உடன்படிக்கை கையெழுத்தானது. 1997-ல் நடைமுறைக்கு வந்து, 2003-லும் 2013-லும் திருத்தி எழுதப்பட்டது. இன்று நம்மவர்கள் "டப்ளின் கேஸ்" என்று சொல்வது இதைத்தான். ஒரு மனுவை ஒரே ஒரு நாடு மட்டும் விசாரிக்கும், அது எந்த நாடு என்பதை இந்தச் சட்டம் முடிவு செய்யும். ஒன்றியத்தில் இல்லாத சுவிட்சர்லாந்து, நார்வே, ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைன் ஆகியவையும் இதில் சேர்ந்திருக்கின்றன.

சட்டத்தை எடுத்துப் படித்தால் வரிசை நியாயமாகவே தெரியும். தனியாக வந்த சிறுவர் என்றால் முதலில் அவருடைய உறவினர் இருக்கும் நாடு. அடுத்து கணவன், மனைவி, பிள்ளை. அதற்கடுத்து விசா கொடுத்த நாடு. இவை எதுவும் இல்லாவிட்டால்தான் அனுமதியின்றி முதலில் நுழைந்த நாடு. ஆனால் நடைமுறையில் கடைசியில் இருப்பதுதான் முதலில் வந்து நிற்கிறது. திருமணப் பதிவும் பிறப்புச் சான்றிதழும் கடலில் போயிருக்கலாம், வீட்டோடு எரிந்திருக்கலாம். கைரேகை அப்படி இல்லை. 2003 முதல் இயங்கும் யூரோடாக் என்ற கணினித் தொகுப்பில் அது கணத்தில் அகப்படும். விசாவும் அப்படியே: கொழும்பில் ஒரு தூதரகம் ஒட்டிக்கொடுத்த ஷெங்கன் விசாவோடு வந்து சூரிச்சில் தஞ்சம் கேட்டால், விசா கொடுத்த நாட்டுக்குத்தான் கடிதம் போகும்.

இன்னொன்றும் இருக்கிறது. தமிழர்களுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். வயது வந்த ஒருவருக்கு, ஜெர்மனியின் டோர்ட்முண்டில் இருபது வருடமாக இருக்கும் சொந்த அண்ணன் இந்தச் சட்டத்தின்படி குடும்பம் இல்லை. தம்பியைப் படிக்கவைத்தவர் அவர்தான், பயணத்துக்குப் பணம் அனுப்பியவரும் அவர்தான், வந்து இறங்கினால் சோறு போடப்போகிறவரும் அவர்தான். ஆனாலும் தம்பியின் கைரேகை குரோஷியாவில் பதிந்திருந்தால் தம்பி குரோஷியாவுக்குப் போக வேண்டும். சித்தப்பா, மாமா பற்றிக் கேட்கவே வேண்டாம். 18 வயதுக்குள் தனியாக வந்தால் மட்டுமே அண்ணனும் அத்தையும் தாத்தாவும் கணக்கில் வருவார்கள். பிறந்தநாள் ஒன்று கடந்துபோவதால் அண்ணன் அந்நியராகிறார்.

சரி, இப்படி எழுதிவைத்தார்களே, அதுவாவது நடக்கிறதா? 2023-ல் ஜெர்மனி மட்டும் மற்ற நாடுகளுக்கு "இவர் உங்கள் ஆள், அழைத்துக்கொள்ளுங்கள்" என்று 74,000-க்கும் மேற்பட்ட கோரிக்கைகள் அனுப்பியது. அவற்றில் 55,000 போலச் சம்மதமும் வந்தது. உண்மையில் அனுப்பிவைக்கப்பட்டவர்கள் சுமார் 5,000 பேர்தான். 2013-ல் எழுதிய சட்டப்படி, சம்மதம் வந்த ஆறு மாதத்துக்குள் அனுப்பாவிட்டால் பொறுப்பு அனுப்பும் நாட்டுக்கே திரும்பிவிடும். ஆள் தலைமறைவானால் அந்தக் கெடு 18 மாதமாக நீளும். ஆகவே ஆட்கள் அந்த மாதங்களைக் கடத்தப் பார்க்கிறார்கள். சிலர் நண்பர்கள் வீட்டில் ஒதுங்குகிறார்கள், சிலருக்கு ஜெர்மனியின் தேவாலயங்கள் அடைக்கலம் கொடுக்கின்றன. தேவாலய அடைக்கலத்தில் இருப்பவர்களில் பெரும்பாலானோர் இந்த டப்ளின் கேஸ்காரர்கள்தான். இத்தாலி 2022 டிசம்பரில், இடமில்லை என்று சொல்லி இப்படித் திரும்ப ஏற்பதையே ஏறக்குறைய நிறுத்திவிட்டது.

இத்தாலியை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இந்த விதி யாரைத் தண்டிக்கிறது என்று பாருங்கள். ஒழுங்காகக் கைரேகை எடுத்துப் பதிவு செய்கிற நாட்டுக்குப் பொறுப்பு ஒட்டிக்கொள்கிறது. கண்டும் காணாமல் வடக்கே ரயில் ஏற்றிவிட்டால் பொறுப்பு இல்லை. கடலில் காப்பாற்றினாலும் அதே கதைதான். 2013 அக்டோபர் 3-ம் தேதி இத்தாலியின் லாம்பெடுசா தீவை நெருங்கிய ஒரு படகு தீப்பிடித்துக் கவிழ்ந்ததில் 368 பேர் இறந்தார்கள். அதிர்ந்துபோன இத்தாலி, மாதம் சுமார் 90 லட்சம் யூரோ செலவில் தன் கடற்படையை இறக்கி, ஒரு வருடத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் கரை சேர்த்தது. காப்பாற்றிய ஒவ்வொருவரும் இத்தாலியின் பொறுப்பானார்கள். மற்ற நாடுகள் அந்தச் செலவையும் ஆட்களையும் பகிர்ந்துகொள்ள முன்வரவில்லை. 2014 இறுதியில் அந்தப் பணி நின்றது. நான்கு வருடம் கழித்து, 2018 ஜூனில், 629 பேரை மீட்டு வந்த அக்வாரியஸ் கப்பலுக்கு அதே இத்தாலி துறைமுகத்தை மூடியது. கடைசியில் ஸ்பெயினின் வாலென்சியா இடம் கொடுத்தது. அதன்பிறகு ஒவ்வொரு கப்பலுக்கும் தனிப் பேரம்: கடலில் ஆட்கள் காத்திருக்க, நீங்கள் எத்தனை பேர், நாங்கள் எத்தனை பேர் என்று தலைநகரங்களுக்கு இடையே தொலைபேசி அழைப்புகள்.

கிரீசின் கதை இதைவிட வேதனையானது. அந்நாட்டின் முகாம்களும் விசாரணை முறையும் சீர்குலைந்து கிடந்தது தெரிந்தே மற்ற நாடுகள் அங்கே ஆட்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தன. பெல்ஜியம் அப்படி அனுப்பிய ஓர் ஆப்கானியரின் வழக்கில், 2011 ஜனவரி 21 அன்று ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் இரண்டு நாடுகளையுமே குற்றம் கண்டது. கிரீஸ் அவரை மனிதத்தன்மையற்று நடத்தியது. அது நடக்கும் என்று தெரிந்தும் பெல்ஜியம் அனுப்பியது. அந்தத் தீர்ப்புக்குப் பிறகு பல ஆண்டுகள் கிரீசுக்குத் திருப்பி அனுப்புவது நின்றது. விதியின் அச்சாணி கழன்றது அன்றைக்குத்தான். 2015 அதை எல்லோர் கண்ணுக்கும் காட்டியது, அவ்வளவுதான்.

2015-ல் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கடல்வழியாக வந்தார்கள். அதில் எட்டரை லட்சம் போல கிரேக்கத் தீவுகளுக்கு. ஆகஸ்டில் ஜெர்மனி, சிரியர்களுக்கு டப்ளின் விதியைப் பார்க்கப் போவதில்லை என்றது. அந்த வருடம் ஜெர்மனிக்குள் வந்தவர்கள் சுமார் 8,90,000 பேர். ஒரு கோடி மக்கள்கூட இல்லாத சுவீடனில் 1,63,000 பேர் தஞ்சம் கேட்டார்கள். செப்டம்பரில் ஒன்றிய அமைச்சர்கள் கூடி, கிரீசிலும் இத்தாலியிலும் இருப்பவர்களில் 1,60,000 பேரை இரண்டு வருடத்துக்குள் மற்ற நாடுகளுக்குப் பிரித்து அனுப்புவதாக முடிவு செய்தார்கள். மக்கள்தொகைக்கு 40 விழுக்காடு, பொருளாதார பலத்துக்கு 40, வேலையின்மைக்கு 10, ஏற்கெனவே ஏற்றவர்களுக்கு 10 என்பது ஐரோப்பிய ஆணையம் முன்வைத்த சூத்திரம். ஹங்கேரி, செக், ஸ்லோவாக்கியா, ருமேனியா எதிர்த்து வாக்களித்தன. பெரும்பான்மை அவற்றைத் தோற்கடித்தது.

முதல் விமானம் அக்டோபரில் 19 எரித்ரியர்களை ரோமிலிருந்து சுவீடனுக்கு ஏற்றிச் சென்றது. நவம்பரில் ஏதென்ஸிலிருந்து 30 பேர் லக்சம்பர்க்குக்குப் போனார்கள், கிரீசின் பிரதமரே வந்து வழியனுப்பினார். இரண்டு வருடம் கழித்து எண்ணிப் பார்த்தால் போய்ச் சேர்ந்தவர்கள் சுமார் 35,000 பேர்கூட இல்லை. ஹங்கேரியும் போலந்தும் ஒருவரைக்கூட ஏற்கவில்லை. செக் 12 பேரை ஏற்றது. 2020 ஏப்ரலில் ஒன்றியத்தின் நீதிமன்றம் இம்மூன்றும் சட்டத்தை மீறின என்று தீர்ப்பளித்தபோது திட்டமே முடிந்துபோயிருந்தது.

மறுத்த மூன்று நாடுகள்மேல் பழியைப் போட்டுவிட்டுப் போய்விடலாம். அது பாதி உண்மைதான். ஏற்றுக்கொண்ட நாடுகளிலும் பெரும்பாலானவை ஒப்புக்கொண்ட எண்ணிக்கையைத் தொடவில்லை. ஒன்றியம் முழுவதும் சராசரியாக 75 விழுக்காட்டுக்கு மேல் தஞ்ச அங்கீகாரம் பெறும் நாட்டவர்கள் மட்டுமே தகுதி உடையவர்கள் என்று வைத்தார்கள். சிரியர், எரித்ரியர் உண்டு, ஆப்கானியர் இல்லை. எந்த நாடு என்பதை அனுப்பப்படுகிறவர் தேர்ந்தெடுக்க முடியாது. லாட்வியாவுக்கும் லிதுவேனியாவுக்கும் அனுப்பப்பட்டவர்களில் பெரும்பாலானோர், அங்கே உறவும் இல்லை, தெரிந்த மொழியும் இல்லை, வேலையும் இல்லை என்று ஜெர்மனிக்குக் கிளம்பிவிட்டார்கள். அவர்களை நன்றி கெட்டவர்கள் என்று எழுதியவர்கள் உண்டு. அண்ணன் இருக்கும் ஊருக்குத் தம்பி போவதில் என்ன நன்றிகேடு?

இங்கே ஜெர்மனியின் உள்நாட்டுப் பங்கீட்டைப் பார்ப்பது பயன்தரும். அந்த நாட்டுக்குள் வருகிறவர்களை 16 மாநிலங்களுக்கும் கோனிக்ஸ்டைன் விகிதம் என்ற கணக்கின்படி பிரிக்கிறார்கள்: மூன்றில் இரண்டு பங்கு வரி வருமானத்துக்கு, ஒரு பங்கு மக்கள்தொகைக்கு. நார்த்ரைன் வெஸ்ட்ஃபாலியாவுக்கு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் விழும். ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயில் நிற்பது அந்த மாநிலத்தில்தான். அங்கேயும் ஆட்களைக் கேட்டுப் பிரிப்பதில்லை, முணுமுணுப்பும் இல்லாமல் இல்லை. ஆனாலும் பல பத்தாண்டுகளாக அது ஓடுகிறது. சட்டம் ஒன்று, மொழி ஒன்று, உதவித்தொகை ஏறக்குறைய ஒன்று, விசாரிப்பது ஒரே மத்திய அலுவலகம். அங்கீகாரம் கிடைத்தபின் ஹாம்பர்க்கில் வேலை கிடைத்தால் ஹாம்பர்க்குக்கு மாறலாம் என்ற நம்பிக்கையும் இருக்கிறது. எந்த மாநிலத்தில் விழுந்தாலும் வாழ்க்கை முடிந்துவிடாது.

நாடுகளுக்கு இடையே இதில் எதுவுமே கிடையாது. ஒரே ஆப்கானியரின் ஒரே கதைக்கு, சில ஆண்டுகளில் இத்தாலியில் 90 விழுக்காட்டுக்கு மேல் பாதுகாப்பு கிடைத்தது, பல்கேரியாவில் கிடைத்தது ஒற்றை இலக்க விழுக்காடு. எங்கே அனுப்பப்படுகிறோம் என்பதே உயிருக்குச் சீட்டுக் குலுக்கலானால் யார் சொன்ன இடத்தில் உட்காருவார்கள்? அங்கீகாரம் கிடைத்தவருக்கும் விடுதலை இல்லை. இன்னொரு நாட்டுக்குப் போய் வேலைபார்த்துக் குடியேற, பொதுவாக ஐந்து வருடம் சட்டப்படி அங்கேயே வாழ்ந்து நீண்டகால வதிவுரிமை வாங்க வேண்டும். ஒரு நாடு கொடுத்த "இல்லை" என்ற பதில் நடைமுறையில் எல்லா நாடுகளிலும் செல்லுபடியாகிறது. "ஆம்" என்ற பதில் கொடுத்த நாட்டோடு நின்றுவிடுகிறது. இந்த முரண்பாட்டைத் தொடாமல் எத்தனை சூத்திரம் எழுதினாலும் ஆட்கள் நகரத்தான் செய்வார்கள்.

1994 விஷயத்தைப் பாதியில் விட்டேன். யுகோஸ்லாவியப் போர்க்காலம் அது. 1992-ல் மட்டும் ஜெர்மனிக்கு 4,38,000 தஞ்ச மனுக்கள் வந்தன. பொஸ்னியாவிலிருந்து சுமார் மூன்றரை லட்சம் பேர் அங்கே அடைக்கலம் புகுந்தார்கள். மக்கள்தொகை, நிலப்பரப்பு, வருமானம் மூன்றையும் வைத்துப் பிரித்துக்கொள்வோம் என்று ஜெர்மனி கேட்டது. பிரிட்டன் முதலான நாடுகள் கைவிரித்தன. பத்தாண்டு கழித்து ஒன்றியம் கிழக்கே விரிந்தது, ஜெர்மனியைச் சுற்றிலும் டப்ளின் நாடுகள் வந்துவிட்டன, மனுக்கள் குறைந்தன. அப்போது கிரீசும் மால்ட்டாவும் பங்கீடு கேட்டன, ஜெர்மனி டப்ளின் விதியைக் காட்டியது. நாட்டின் கொள்கையை அது வரைபடத்தில் நிற்கும் இடம்தான் எழுதுகிறது. ஒன்றியத்தின் அடிப்படை ஒப்பந்தத்தில், 80-வது பிரிவில், பொறுப்பை நியாயமாகப் பகிர்வது என்ற வாசகம் இருக்கிறது. பாரம் தன் தோளில் இருக்கிற நாடுதான் ஒவ்வொரு முறையும் அதைப் படித்துக் காட்டுகிறது.

ஐரோப்பாவால் முடியவே முடியாதா என்றால், முடியும் என்று 2022-ல் அதுவே காட்டியது. உக்ரைன்மீது ரஷ்யா படையெடுத்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. மார்ச் 4-ம் தேதி, 2001-ல் எழுதி ஒருமுறைகூடப் பயன்படுத்தாமல் வைத்திருந்த தற்காலிகப் பாதுகாப்புச் சட்டத்தை எடுத்து உயிர்கொடுத்தார்கள். தனித்தனி விசாரணை இல்லை, யூரோடாக் இல்லை, முதலில் நுழைந்த நாடு என்ற பேச்சு இல்லை. உறவினர் இருக்கும் ஊருக்கு நேராகப் போய்ப் பதிவு செய்யலாம், வேலைக்குப் போகலாம், பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கலாம். நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இப்படிப் பாதுகாப்புப் பெற்றார்கள். அவர்கள் போலந்து, ஜெர்மனி, செக், ஸ்பெயின், இத்தாலி என்று தாங்களாகவே பரவினார்கள். மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் மிக அதிகம் ஏற்ற நாடுகளில் ஒன்று செக். ஆம், 12 பேரை ஏற்ற அதே செக்.

இதைச் சொல்லும்போது மனம் கனக்கிறது. அண்டை நாடு, விசா தேவையில்லாத நாட்டவர், பொது எதிரி என்று காரணங்கள் உண்டு, அவை பொய்யல்ல. நிறமும் மதமும் ஒரு காரணம் இல்லை என்று சொல்ல என்னால் முடியவில்லை. கிரீசின் லெஸ்போஸ் தீவில் இருந்த மோரியா முகாம் சுமார் 3,000 பேருக்குக் கட்டியது. 2020 தொடக்கத்தில் அதிலும் அதைச் சுற்றியும் 20,000 பேர் வரை ஒலிவ் மரங்களுக்கு நடுவே கூடாரத்தில் கிடந்தார்கள். அந்த செப்டம்பரில் முகாம் எரிந்து, 12,000-க்கும் மேற்பட்டவர்கள் தெருவில் நின்றார்கள். அந்தக் கண்டத்தின் கணக்கில் 12,000 ஒரு எண்ணிக்கையே இல்லை.

இனி புதிய ஒப்பந்தம். குடிபெயர்வு, தஞ்சம் பற்றிய இந்தச் சட்டத் தொகுப்பை ஐரோப்பிய நாடாளுமன்றம் 2024 ஏப்ரல் 10 அன்று நிறைவேற்றியது. அமைச்சர்கள் மே மாதம் ஒப்புதல் கொடுத்தார்கள், ஹங்கேரியும் போலந்தும் எதிர்த்தன. 2026 நடுவிலிருந்து செயல்படும்படி எழுதப்பட்டது. இதில் உண்மையாகவே புதியது, பங்கெடுப்பது கட்டாயம், எப்படிப் பங்கெடுப்பது என்பது அந்தந்த நாட்டின் விருப்பம் என்ற ஏற்பாடு. ஆட்களை ஏற்கலாம். ஏற்காவிட்டால் ஓர் ஆளுக்கு 20,000 யூரோ கொடுக்கலாம். அல்லது அதிகாரிகள், கருவிகள் என்று வேறு உதவி செய்யலாம். வருடத்துக்குக் குறைந்தது 30,000 பேர், 60 கோடி யூரோ என்பது சட்டத்தில் உள்ள அளவுகோல். முதல் சுற்றுக்கு, அதாவது 2026-க்கு, நாடுகள் ஒப்புக்கொண்டது 21,000 பேர் அல்லது 42 கோடி யூரோ. அந்த உதவி போய்ச் சேர வேண்டிய நாடுகள் கிரீஸ், சைப்ரஸ், இத்தாலி, ஸ்பெயின்.

கட்டாயம் என்ற சொல் சட்டத்தில் ஏறியதை நான் சிறிதாக நினைக்கவில்லை. 1994-ல் அது கனவு. ஆனால் முதலில் கால் வைத்த நாடு என்ற விதி அப்படியே இருக்கிறது, இன்னும் இறுகியும் இருக்கிறது: அந்தப் பொறுப்பு 12 மாதத்தில் தீர்ந்துபோகும் என்று இருந்ததை 20 மாதமாக்கிவிட்டார்கள். கைரேகை எடுக்கும் வயது 14-லிருந்து 6-க்கு இறங்கியிருக்கிறது. ஒன்றிய நாடு ஒன்றில் அண்மையில் படித்துப் பட்டம் வாங்கியவரை அந்த நாட்டோடு சேர்ப்பது என்ற நல்ல மாற்றம் ஒன்று உண்டு. உடன்பிறந்தவரையும் குடும்பமாகக் கருதலாம் என்று ஆணையம் முதலில் எழுதிய வரைவில் இருந்தது. பேரத்தில் அது விழுந்துவிட்டது. எனக்கு மிகவும் வருத்தம் தந்தது அதுதான். ஒரு காசு செலவில்லாத பங்கீடு அது. அண்ணன் வீட்டில் தங்குகிறவருக்கு முகாம் கட்ட வேண்டாம், மொழிபெயர்ப்பாளர் வேண்டாம், அவர் ஓடிப்போவார் என்று போலீஸ் வைக்கவும் வேண்டாம்.

ஹங்கேரியைப் பற்றித் தனியாகக் கேட்டால், அங்கே பங்கீட்டுக்கு முன்பே ஒரு பிரச்சினை இருக்கிறது. 2020 முதல், பெல்கிரேடிலோ கீவிலோ உள்ள அதன் தூதரகத்தில் முன்கூட்டியே அனுமதி வாங்காமல் உள்ளே வந்து தஞ்சம் கேட்கவே முடியாது என்று சட்டம் போட்டார்கள். ஒரு முழு வருடத்தில் அங்கே பதிவாகும் மனுக்கள் சில டஜன்களாகச் சுருங்கின. 2024 ஜூனில் ஒன்றிய நீதிமன்றம் 20 கோடி யூரோ அபராதமும், திருத்தும்வரை நாளொன்றுக்குப் பத்து லட்சம் யூரோவும் விதித்தது.

உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது இப்போது இந்த வழியில் இருந்தால் ஒன்று சொல்லுங்கள். பொறுப்பு எந்த நாட்டுக்கு என்று முடிவாவதற்கு முன் ஒரு நேர்காணல் வைப்பார்கள். ஐரோப்பாவில் இருக்கும் உறவு அத்தனையையும் அங்கேயே சொல்லிப் பதிவு செய்ய வேண்டும். சட்டம் கேட்காத அண்ணன், அக்கா, சித்தி பெயரையும் சொல்ல வேண்டும். பிறப்புச் சான்றிதழ், பழைய குடும்பப் படம், பணம் அனுப்பிய ரசீது, எது இருந்தாலும் படி எடுத்துக் கொடுக்கட்டும். மனிதாபிமான அடிப்படையில் ஒரு நாடு தானாகவே பொறுப்பேற்கலாம் என்று ஒரு விலக்கு எல்லாத் திருத்தங்களையும் தாண்டி சட்டத்தில் தங்கியிருக்கிறது. அதைக் கேட்கும் காலம் மனுவின் மீது முதல் முடிவு வருவதற்கு முன்புதான். பிறகு கேட்டால் கோப்பு நகராது. அந்த ஊரில் இலவசச் சட்ட உதவி தரும் அமைப்பு எது என்று முதல் வாரத்திலேயே விசாரித்து வைக்கச் சொல்லுங்கள்.